யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் தனியாக இயங்கிய வரலாறு இருக்கிறதா?

இருக்கிறது. கம்பஸின் எண்பதுகள் என்றாலே ஆயுத இயக்கங்களுக்குப் போன பெடியளின் கதையைத்தான் சொல்வார்கள். மற்றக் கதையை எனக்குச் சொன்னவர், அப்போது அங்கே படித்த என் பெரியம்மா.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் இயங்கியது. விரிவுரையாளர் சித்திரலேகா மௌனகுரு தொகுக்க, 1986இல் அந்த வட்டம் 'சொல்லாத சேதிகள்' நூலை வெளியிட்டது. பத்துப் பெண்களின் கவிதைகள். 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்த இரவு, பெரியம்மா அந்த மெல்லிய புத்தகத்தைப் பிறப்புப் பத்திரங்களோடு ஒரே ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தார். மழையில் அட்டை ஊதிப்போனது. உள்ளே எழுத்து அப்படியே இருக்கிறது.

ரஜனி திராணகம அதே கம்பஸில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1987இல் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, வன்முறைக்கு ஆளான பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்கள் சொன்னதை எழுதினார். அவரும் சக விரிவுரையாளர்களும் எழுதிய 'முறிந்த பனை' நூலில் அந்தப் பகுதியை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. இராணுவமோ இயக்கமோ, யார் செய்தாலும் கொடுமை கொடுமைதான் என்று எழுதியவர் அவர். ஒருநாள் தன்னை ஒரு துப்பாக்கி மௌனமாக்கும், அதை ஏந்துவது அந்நியனாக இருக்காது, இந்தச் சமூகம் பெற்ற மகனாகவே இருக்கும் என்றும் எழுதியிருந்தார். 1989 செப்டெம்பர் 21, கம்பஸிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. சகாக்களும் குடும்பத்தினரும் புலிகளைக் குற்றம்சாட்டினார்கள், புலிகள் மறுத்தார்கள்.

செல்வி என்பவர் அதே கம்பஸில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி, கவிஞர், 'தோழி' இதழை நடத்தியவர். 1991 ஓகஸ்டில் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் பென் என்ற உலக எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது அறிவித்தபோதும் அவர் தடுப்பில்தான் இருந்தார். திரும்பி வரவேயில்லை.

இவர்களை இன்றைக்கும் சிலர் துரோகிகள் என்கிறார்கள். எனக்கு அது தாங்கவே முடியாத சொல். இவர்கள் கையில் இருந்தது பேனையும் கடதாசியும். சீதனத்தையும் வன்புணர்வையும் பற்றி, வீட்டுக்குள் அடக்கி வைத்ததையெல்லாம் எழுத்தாக்கினார்கள். விடுதலை வந்த பிறகு பெண் பிரச்சினையைப் பார்ப்போம் என்று சொல்லப்பட்ட காலத்தில், இப்போதே பேச வேண்டும் என்று நின்றார்கள்.

'சொல்லாத சேதிகள்' நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை வாசியுங்கள், பிறகு 'முறிந்த பனை'.