ஆறு மணிக்கு கேட் மூடும் ஹாஸ்டல்

கேள்வி: நாங்கள் முளகுமூடு பக்கம். கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போகும் மகளுக்கு, கவுன்சலிங்கில் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருக்கிறது. பங்குத்தந்தையோ பெங்களூரில் துறவற சபை ஒன்று நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொல்கிறார். அங்கே ஜெபமும் ஒழுக்கமும் இருக்குமாம். ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கே மூடிவிடுவார்களாம். மகள் கிண்டிதான் என்று நிற்கிறாள். எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: சகோதரி, கேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நானும் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹாஸ்டலில் இருந்தவள்தான். கேட் ஆறு மணிக்கு மூடும். பின்பக்கத்துப் பலாமரக் கிளை எட்டரை வரை திறந்திருக்கும்.

கிறிஸ்தவ சபைகள் நடத்தும் கல்லூரி குமரிக்காரர்களுக்குப் புதிதில்லை. நாகர்கோவிலில் ஸ்காட் காலேஜும் ஹோலி கிராஸ் காலேஜும் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருக்கின்றன! பங்குத்தந்தை மனதில் இருப்பதும் அந்த மாதிரிக் கல்லூரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் நடப்பவை; அரசு உதவியும் உண்டு. நிகர்நிலை என்றால் கதை வேறு. சேர்க்கை, பரீட்சை, பட்டம் எல்லாம் அவர்களுடையதே. கவுன்சலிங் சீட்டுக்குத் தமிழக அரசு தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை பெங்களூரில் செல்லாது.

நீங்கள் அனுப்பிய கட்டணத் தாளைப் பார்த்தேன். டியூஷன் ஃபீஸை மட்டும் பேனாவால் வட்டமிட்டிருக்கிறீர்கள். அதன் கீழே பொடி எழுத்தில் ‘இதர கட்டணங்கள்’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே தொகையே இல்லை. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. முதல் தவணை ஜூன் மாதம். ஜூன் மழையில் பால்வெட்டு எத்தனை நாள் நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வருஷமும் ஜூன் வரும்.

அதற்காகக் கிண்டி சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய இடம், பெயருக்குக் குறைவில்லை. ஆனால் இங்கேதான் படிக்கிறாள் என்று தரும் ஒரு போனஃபைடு சர்டிபிகேட்டுக்கு ரெண்டு ஜன்னல் ஏறி இறங்க வேண்டியிருக்கலாம். ஒரு பேப்பரில் போய்விட்டால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல ஆள் இருக்காது. தட்டிக்கொடுத்தால்தான் படிக்கிற பிள்ளை என்றால் நானே யோசிப்பேன். உங்கள் மகள் அப்படியா? விடியுமுன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய், சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கா ஜன்னலில் நிற்கத் தெரியாது?

கிண்டிக்கே அனுப்புங்கள். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்று ஊரில் எல்லாவற்றையும் சொல்கிறோம். நம்ம நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருப்பது அதன் உறுப்புக் கல்லூரி. அதோடு இணைந்த தனியார் கல்லூரிகளோ ஏராளம். ஒதுக்கீட்டு ஆணையில் கிண்டி வளாகம் என்றே இருக்கிறதா என்று மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கிடையில் பெங்களூரில் ‘சும்மா சீட் பிடித்து வைக்க’ ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியே இருக்கிறது.

பூசைக்குக் கவலை வேண்டாம். கிண்டிக்குப் பக்கத்திலேயே சின்னமலைக் கோயில் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் நீங்களும் கணவருமே போய்ச் சொல்லுங்கள், மகளை அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு, சின்னமலைப் பங்குக்கு ஒரு அறிமுகக் கடிதமும் கேளுங்கள். அவர் கோபம் அதிலேயே பாதி இறங்கிவிடும்.