பதில்: கொல்கத்தா டெர்பி பட்டியலில் எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை?

நண்பரே, கொல்கத்தாவின் இரு பரம எதிரிக் கால்பந்து அணிகளான ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் மோதும் ‘டெர்பி’ ஆட்டங்களின் வெற்றிக் கணக்கு இரண்டு தளங்களில் இரண்டு விதமாக வருவதாகக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சிக்கும்.

முதலாவது, நட்பு ஆட்டங்கள். சிலர் எண்ணுவார்கள், சிலர் எண்ண மாட்டார்கள். உங்கள் பட்டியலில் அவற்றைத் தனித்தாளில் வையுங்கள்.

அடுத்தது, முழுதாக ஆடப்படாத ஆட்டங்கள். 2012 டிசம்பர் 9 ஐ-லீக் (தேசிய லீக் தொடர்) ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்கவில்லை. நின்றபோது 1-0, பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கு 3-0 என்று வழங்கப்பட்டது. சிலர் வெற்றியாகச் சேர்ப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். ‘நிலை’ என்று ஒரு நிரல் (column) போட்டு ‘வழங்கப்பட்டது’ எனக் குறித்தால் போதும். பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்தவை டிராதான். கோப்பை யாருக்கு என்பது வேறு நிரல்.

மூன்றாவது பெயர் மாற்றம். 2020இல் ஏடிகே மோகன் பகான், 2023இல் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். எதிரணியும் சில காலம் எஸ்சி ஈஸ்ட் பெங்கால். பழைய பெயரில் மட்டும் தேடினால் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்கள் விடுபடும்.

சரிபார்க்கச் சில: 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பை இறுதி 5-0, 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி 4-1 (வீரர் பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக்), இரண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2009 ஐ-லீக் 5-3 மோகன் பகானுக்கு. இவையே இல்லாத தளத்தை நம்பவே வேண்டாம்.