தொட்டபெட்டா: கேள்விகளும் பதில்களும்

கே: தென்னிந்தியாவில் உயரமான சிகரம் தொட்டபெட்டாதானே?
இல்லை. கேரளத்தின் ஆனைமுடி, ஏறக்குறைய 2700 மீட்டர். நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டபெட்டா 2640, தமிழ்நாட்டில் முதலிடம்.

கே: மேலே மூச்சுத் திணறுமா?
காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு இருக்கும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, படி ஏறினால் கொஞ்சம் இரைக்கும். இதய, நுரையீரல் நோயாளிகள் என்னைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கே: எப்போது போனால் மழை இருக்காது?
எந்த மாதம் போகிறீர்கள், எந்தப் பக்கம் தங்குகிறீர்கள், எதுவுமே எழுதாமல் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அந்தப் பக்கமுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ. அளவுக்குப் பெய்தது. கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. ஜனவரி, பிப்ரவரி பரவாயில்லை. மூடுபனி எந்த மாதமும் வரும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

கே: டிசம்பரில் உறைபனி பார்க்க விடியற்காலையில் சிகரத்துக்குப் போகலாமா? செல்போனில் 4 டிகிரி காட்டுகிறதே, பூஜ்ஜியம் வராமல் உறையுமா?
வருஷா வருஷம் இதே கேள்வி! வானிலை நிலையத்தில் வெப்பமானி நிழல்பெட்டிக்குள் ஆள் இடுப்புக்குமேல் உயரத்தில் இருக்கும், அங்கே 4 இருந்தால் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையிலுள்ள புல்லில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். செல்போன் காட்டுவது அதுவும் இல்லை, பல கிலோமீட்டர் பரப்புக்குப் போடும் கணக்கு. அப்புறம், குளிர்ந்த காற்று கனமானது, இரவு முழுக்கச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் பள்ளமான இடங்களான தலைக்குந்தாவும் காந்தலும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் வெளுத்துக் கிடக்கும்போது, சிகரத்தில் புல் வெறும் ஈரமாக இருக்கும் நாட்களும் உண்டு. உயரமான இடம்தான் அதிகக் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேலே ஓடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பள்ளத்துக்குப் போங்கள், வெயில் ஏறுவதற்குள் போங்கள், வெள்ளைப் புல்லை மிதிக்காதீர்கள், மிதித்த இடம் கருகிவிடும். தேயிலைக்காரர்களுக்கு இது வேடிக்கையும் இல்லை, கொழுந்து கருகினால் அந்தப் பறிப்பு போச்சு.

கே: மலை சூரியனுக்குப் பக்கம்தானே, ஏன் குளிர்கிறது?
சூரியன் 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது, இரண்டரை கிலோமீட்டர் ஒரு பொருட்டா? காற்று தரையிலிருந்து சூடாகிறது, மேலே ஏறினால் விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்கு ஆறு டிகிரி என்று வையுங்கள் (மேகமில்லாத இரவில் பள்ளம் அதிகம் குளிர்வது மேலே சொன்ன தனிக் கணக்கு). வெயில் சுடாததால் தோல் கருகாது என்று மட்டும் நம்பாதீர்கள்.

கே: இது பழைய எரிமலையா?
இல்லை. சார்னோகைட் பாறை, அதாவது பூமிக்கடியில் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான கடினப் பாறை. இறங்கும்போதும் மூடுபனி இருக்கும், மெதுவாக ஓட்டுங்கள்.