நுவரெலியா ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றி ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் செய்தால் சரியாகுமா?

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத கார் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. எஞ்சினுக்குப் போகும் ஒட்சிசன் குறைய, இழுவையும் குறையும். ஈசியூ அதைச் சென்சார் வழியாக அறிந்து பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றை எந்த டியூனாலும் கொண்டுவர முடியாது.

மூடியில்லாத கூம்பு ஃபில்டரில் சத்தம்தான் கூடும். றம்பொடை ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அது எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். எண்ணெய் தடவிய வகை என்றால், எண்ணெய் கூடிப்போனால் காற்றளவு சென்சாரில் படியும்.

டர்போ காருக்கு டியூன் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மெல்லிய காற்றில் டர்போ ஏற்கனவே கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. கொழும்பில் மட்டும் ஓட்டிப் பார்த்த டியூனோடு மலை ஏறாதீர்கள். 95 ஒக்டேன் பெற்றோலுக்கு எழுதிய டியூனில் 92 ஊற்றவும் வேண்டாம், எஞ்சின் தட்டும்.