ஓ.ஆர். பிஎச்.டி.: வேலையை விடுவதற்கு முன் ஒரு நிரூபணம் எழுதிப் பாருங்கள்

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். எக்செல் சால்வரும் கொஞ்சம் பைத்தானும் தெரியும். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் (ஓ.ஆர்., அதாவது இருக்கும் வளங்களுக்குள் மிகச் சிறந்த முடிவைக் கணிதத்தால் தேடும் துறை) பிஎச்.டி. செய்ய ஆசை. எம்.இ. இல்லாமல் எடுப்பார்களா? இங்கேயா, வெளிநாட்டிலா? வேலையில் இருந்தபடியே செய்ய முடியுமா?

பதில்: எடுப்பார்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தொழிற்சாலையில் ஓ.ஆர். என்று நாம் செய்வதும் பிஎச்.டி.யில் செய்யச் சொல்வதும் வேறு வேறு வேலைகள்.

உங்கள் பிரஸ் ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷினில் இன்று 20 பாகங்கள் ஓட வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்ற ஆகும் நேரம் எது முன்னால் ஓடியது என்பதைப் பொறுத்து மாறும். எந்த வரிசையில் ஓட்டினால் மொத்த நேரம் குறையும்? 10 பாகம் என்றால் 36,28,800 வரிசைகள், கம்ப்யூட்டர் சும்மா எண்ணியே முடித்துவிடும். 20 பாகம் என்றால், நொடிக்கு 10 லட்சம் வரிசை பார்த்தாலும் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். ஊர் ஊராகப் போய்த் திரும்பும் விற்பனையாளரின் கணக்கு என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுவேதான் இது. 1954-லேயே டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் என்ற கணித ஆய்வாளர்கள் மூவரும் 49 ஊர்களுக்கான மிகக் குறைந்த பாதையைக் கண்டுபிடித்தார்கள், அதைவிடக் குறைவான பாதை இருக்கவே முடியாது என்று நிரூபித்தும் காட்டினார்கள். நீங்கள் பைத்தானில் ஒரு ஹியூரிஸ்டிக் (சிறந்தது என்ற உத்தரவாதம் இல்லாமல் நல்ல விடையைச் சீக்கிரம் தரும் குறுக்கு வழி) எழுதி டை மாற்றும் நேரத்தைக் குறைத்தால் மேனேஜர் கைகொடுப்பார், அது நல்ல வேலையும்கூட. பிஎச்.டி. கமிட்டியில் உட்காரும் பேராசிரியர் கேட்பது, "உன் விடை உண்மையான சிறந்த விடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதை எப்படிச் சொல்கிறாய்?" என்பதை. அந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். லாபத்தைக் கூட்டும் ஒரு லீனியர் புரோகிராமிங் கணக்கு (இலக்கும் நிபந்தனைகளும் நேர்கோட்டுச் சமன்பாடுகளாகவோ சமனின்மைகளாகவோ இருக்கும் கணக்கு) எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போனால் அதன் டூயலுக்கு, அதாவது அதே எண்களை வைத்து எழுதும் ஜோடிக் கணக்குக்கு, தீர்வே இருக்காது. ஏன் என்று புத்தகம் பார்க்காமல் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். டூயலில் நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஒரே ஒரு விடை இருந்தாலும் அதன் மதிப்பு முதல் கணக்குக்கு மேல்வரம்பாகிவிடும், அப்புறம் அது எப்படி எல்லையின்றி ஏறும், அவ்வளவுதான் நிரூபணம். அடுத்து இதைத் தலைகீழாகக் கேளுங்கள்: டூயலுக்குத் தீர்வு இல்லை என்றால் முதல் கணக்கு கண்டிப்பாக எல்லையின்றி ஏறுமா? ஏறாது, இரண்டுக்குமே தீர்வு இல்லாமலும் போகலாம். இரண்டே மாறிகளை வைத்து அப்படி ஓர் எடுத்துக்காட்டை நீங்களே உருவாக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனாலும் மனசு நிறைந்திருந்தால் தைரியமாக மேலே போங்கள். எரிச்சல்தான் வந்தது என்றால் பிஎச்.டி.யை விட்டுவிட்டு அனலிட்டிக்ஸில் ஒரு நல்ல எம்.டெக். பாருங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

சரி, எங்கே? இந்தப் படிப்பு ஒரே துறையில் உட்கார்ந்திருக்காது. ஐ.ஐ.டி. பம்பாயில் ஐ.இ.ஓ.ஆர். (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் அண்ட் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்), காரக்பூரில் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங், ஐ.ஐ.டி. மெட்ராஸில் மேலாண்மைத் துறை, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், ஐ.ஐ.எம்.களில் ஆபரேஷன்ஸ் பிரிவு என்று சிதறிக் கிடக்கும். பொறியியல் துறையில் சேர்ந்தால் அல்காரிதமும் அமலாக்கமும், ஐ.ஐ.எம்.மில் சேர்ந்தால் சப்ளை செயின், விலை நிர்ணயம், சந்தை மாதிரிகள் என்று பெரும்பாலும் போகும். வெளியே வந்ததும் பிசினஸ் ஸ்கூலில் பாடம் எடுக்க ஆசை இருந்தால் ஐ.ஐ.எம். பாதை சுலபம். நல்ல மதிப்பெண்ணும் கேட் (GATE) ஸ்கோரும் இருந்தால் ஐ.ஐ.டி.களில் பி.இ.யோடு நேரடியாகச் சேர வழி உண்டு. பல ஐ.ஐ.எம்.களில் நான்காண்டுப் பொறியியல் பட்டம் போதும், கேட் (CAT), கேட் (GATE), ஜி.ஆர்.ஈ. போன்ற தேர்வுகளில் எதை ஏற்கிறார்கள் என்பது அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். பணத்தைப் பொறுத்தவரை, 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். (ஆரம்ப ஆண்டுகளுக்கான ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (பிந்தைய ஆண்டுகளுக்கானது) 42,000. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தால் இதை முதலில் வீட்டில் பேசிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக், எம்.ஐ.டி., கார்னெல், மிச்சிகன் போன்ற இடங்களில் முதுகலை இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும், சுமார் 5 ஆண்டு ஆகும். நெதர்லாந்தில் பிஎச்.டி. மாணவரைச் சம்பளம் வாங்கும் ஊழியராகவே வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே பொதுவாக முதுகலை கேட்பார்கள் என்பதால் இப்போதைக்கு உங்களுக்கு அந்த வழி இல்லை. எந்த நாடு என்பதைவிட எந்த கைடு என்பதைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். ஒருவரின் கடந்த மூன்று நான்கு வருடக் கட்டுரைகளையாவது திறந்து படியுங்கள், அவரிடம் முடித்த ஸ்காலர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் போனில் பேசுங்கள். பெரிய பேர் உள்ள கல்லூரியில் மாணவனைப் பார்க்கவே நேரமில்லாத கைடைவிட, வாராவாரம் உட்கார்ந்து உங்கள் நிரூபணத்தில் சிவப்பு மை போடுகிறவர் எவ்வளவோ மேல்.

பகுதி நேரம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விதி அனுமதிக்கிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் வேண்டும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்) உங்களை விடுவிப்போம் என்றும் அதில் எழுதித்தர வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸ் (தற்செயலாக மாறும் நிகழ்வுகளின் கணிதம்) படிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். கோர்ஸ் ஒர்க், அதன் பிறகு வரும் காம்ப்ரிஹென்சிவ் தகுதித் தேர்வு இரண்டும் முடியும் வரையாவது முழுநேரமாக இருங்கள் என்பதே என் கருத்து. பகுதி நேரம் பொருந்துவது, ஆய்வுக் கேள்வி உங்கள் தொழிற்சாலையிலிருந்தே வரும்போதுதான், அப்போதும் தரவை வெளியே எடுத்துக் கட்டுரையில் போட நிறுவனம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். வாய் வார்த்தையை நம்பாதீர்கள், மேனேஜர் மாறினால் ஆய்வேடு நின்றுவிடும்.

இந்த வருடம் செய்ய வேண்டியது: லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, ரியல் அனாலிசிஸ் மூன்றையும் நிரூபணத்தோடு மறுபடி படியுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஓ.ஆர். வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, அங்கே தொடங்கலாம். குரோபி (Gurobi) மாதிரியான சால்வரின், அதாவது இந்தக் கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருளின், கல்வி உரிமம் மாணவரானதும் இலவசமாகக் கிடைக்கும், அதுவரை இலவச சால்வரான ஹைஸ் (HiGHS) போதும். கேட் (GATE) தேர்வு பிப்ரவரியில் நடக்கும், பதிவு அதற்குப் பல மாதம் முன்னாலேயே தொடங்கிவிடும். அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் கடைசித் தேதி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள், மூன்றுமே மேனேஜர்களிடமிருந்து வந்தால் எடுபடாது. அதனால் உங்கள் கல்லூரியில் கணிதமோ ஓ.ஆரோ எடுத்த ஆசிரியரை இந்த மாதமே போய்ப் பாருங்கள், அந்த டை மாற்றும் கணக்கை அவர் முன்னால் வைத்து, அதில் ஒரு சின்ன ஆய்வைச் சேர்ந்து எழுதலாமா என்று கேளுங்கள்.