சின்னக் காருக்குப் புது நிறம்: கேட்டவையும் பதில்களும்

ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் மாதிரி உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கார்களின் பழைய பெயிண்டை உரித்து, வீட்டிலேயே வேறு நிறம் அடிப்பது பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அதிகம் பேர் கேட்டது "எந்த கம்பெனி ஸ்ப்ரே நல்லது?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கவலைப்பட வேண்டிய விஷயம். பெயிண்ட் நிற்குமா உரியுமா என்பது ஸ்ப்ரே கேனைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

பழைய பெயிண்டை உரிக்காமல் அதன் மேலேயே அடித்தால் என்ன அண்ணா? (பாலக்கோடு, கல்லூரி மாணவர்)

அடிக்கலாம் தம்பி, ஒட்டவும் ஒட்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கார்கள் பெரும்பாலும் 1:64 அளவு. நான்கரை மீட்டர் காரை ஏழு சென்டிமீட்டராகச் சுருக்கியிருக்கிறார்கள். அதன் மேல் 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் ஏறினால், நிஜக் காரில் 6.4 மில்லிமீட்டருக்குப் பூசியதற்குச் சமம். கதவுக் கோடு, பானெட் கோடு, முன் கிரில் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். கம்பெனி பெயிண்டின் மேல் பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) என்று ஏற்றிக்கொண்டே போனால் இதுதான் நடக்கும். உரித்துவிட்டு அடித்தால் அந்தக் கோடுகள் தப்பிக்கும்.

ஸ்குரூவே இல்லையே, எப்படிப் பிரிப்பது? (காவேரிப்பட்டணம்)

அடியில் இரண்டு வட்டமாகத் தெரிவது ரிவெட். பாடியோடு சேர்த்து வார்த்த தூணின் நுனியை நசுக்கி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் ஆணியால் ஒரு குழி தட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் டிரில் பிட் வழுக்காது. 3 மில்லிமீட்டர் பிட்டை மெதுவாக ஓட்டுங்கள். தலை மட்டும் கழன்றதும் நிறுத்திவிட வேண்டும். தூணையும் சேர்த்துத் துளைத்துவிட்டால் திரும்ப மாட்டுவதற்கு ஆதாரம் இருக்காது.

திரும்ப மாட்ட நான் செய்வது: தூணில் 1.6 மில்லிமீட்டர் ஓட்டை, அதில் 2 மில்லிமீட்டர் டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை, பிறகு அதே 2 மில்லிமீட்டர் எம்2 ஸ்குரூ. இந்த உலோகம் மென்மையானது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் மரை சிதையாது. டேப் வாங்க மனமில்லை என்றால் அரால்டைட் ஒரு பொட்டு போதும். ஃபெவிக்விக் வகை வேண்டாம். அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும்.

காஸ்டிக் சோடாவில் போட்டால் சீக்கிரம் உரியும் என்கிறார்கள். உண்மையா சார்? (தர்மபுரி)

பெயிண்ட் உரியும். காரும் சேர்ந்து உரியும்.

இந்தக் கார்களின் உலோகம் இரும்பு இல்லை. துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் கலந்த கலவை. துத்தநாகம், அலுமினியம் இரண்டையுமே காஸ்டிக் சோடா அரிக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு குமிழ் குமிழாக வரும், அது தீப்பிடிக்கக்கூடியது. பளபளவென்று இருக்க வேண்டிய மேற்பரப்பு கறுத்து, சொரசொரப்பாகிவிடும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரமும் போகும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கெட்டியான பெயிண்ட் ரிமூவரிலும் கவனம் வேண்டும். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு, அல்லது அதன் இன்னொரு பெயரான டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் வீட்டுக்குள் திறக்கவே கூடாது. மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். இந்த வகை ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்காவில் 2019-இல் தடையே போட்டுவிட்டார்கள்.

என் வழி அசிட்டோன். கண்ணாடி ஜாடி, இரும்பு மூடி. டிஸ்போசபிள் கப் கரைந்து ஓடிவிடும், அதில் ஊற்றாதீர்கள். டயர், கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் உலோக பாடியை மட்டும் மூழ்க விடுங்கள். சில வண்டிகளில் பத்து, இருபது நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கித் தானே தூக்கிக்கொள்ளும். சிலதுக்கு ஒரு ராத்திரி ஆகும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்குகளைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். அசிட்டோன் கிடைக்கவில்லை என்றால் பெயிண்ட் கடை என்.சி. தின்னர், கொஞ்சம் நேரம் கூடுதலாகும். நெயில் பாலிஷ் ரிமூவரை நம்ப வேண்டாம், பலவற்றில் அசிட்டோனே இல்லை.

ஒரு எச்சரிக்கை. அசிட்டோன் ஆவி பற்றிக்கொள்ள வெயில்கூட வேண்டாம். சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் இருந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் பூஜை விளக்கையும் கொசுவத்தியையும் மறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், வம்பே இல்லை.

அடியில் 1985 என்று போட்டிருக்கிறது. பழைய கார் என்றால் உரிக்கலாமா? (ஊத்தங்கரை)

ஹாட் வீல்ஸில் அடியில் உள்ள வருடம் பெரும்பாலும் அந்த வடிவத்தை உருவாக்கியபோது பதிந்த உரிமை வருடம். வண்டி தயாரான வருடம் அதுதான் என்று சொல்ல முடியாது. போன மாதம் வாங்கிய காரிலும் பழைய வருடம் இருக்கலாம். உரிக்கும் முன் வேறு ஒன்றைப் பாருங்கள். ஹாட் வீல்ஸ் 1995-லிருந்து ட்ரெஷர் ஹன்ட், 2007-லிருந்து சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்று சில கார்களைக் குறைவாக விடுகிறது. ரப்பர் டயரும், உலோகம் உள்ளிருந்து மினுங்கும் பெயிண்டும் இருந்தால் ஜாடியை மூடி வைத்துவிட்டு விசாரியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் அரிய காரை உரிப்பவரை எனக்குப் புரியவே இல்லை. அடிபட்டு, சொட்டையாகி, பிள்ளைகள் விளையாடித் தேய்ந்த வண்டிதான் இந்த வேலைக்குச் சரி.

உரித்துக் கழுவிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வருகிறது. (பென்னாகரம், இல்லத்தரசி)

தண்ணீர்தான் காரணம் அக்கா. நம் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பது உங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அந்த உப்பு அப்படியே காரில் காய்கிறது, அதன் மேல் அடித்த பெயிண்ட் பிற்பாடு கொப்புளிக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். பிறகு ஹேர் டிரையர். அதற்கப்புறம் வெறும் விரலால் தொடக் கூடாது.

எனாமல் பெயிண்ட் அழகாக அடித்தேன். ஆறு மாதத்தில் ஏடு ஏடாக வந்துவிட்டது. (அரூர்)

பிரைமர் போட்டிருக்க மாட்டீர்கள். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு வினை புரிந்து, நடுவில் சோப்பு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். பிடிமானம் அங்கேதான் போகிறது. மாட்டுக் கொட்டகை ஜிங்க் ஷீட்டில் நேரடியாக அடித்த எனாமல் உரிந்து தொங்குவதும் இதனால்தான்.

அடுத்த முறை 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் குறையுங்கள். வெள்ளை வினிகரால் ஒரு முறை துடைத்து அலசுங்கள். காய்ந்ததும் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் மெல்லியதாக ஒரு கை, அதாவது ஒரு பூச்சு. அது கிடைக்காவிட்டால் வண்டிகளுக்கு அடிக்கும் சாம்பல் நிற பிரைமர். மேலே லேக்கர் வகை (தின்னர் ஆவியாகிச் சீக்கிரம் காயும்) ஸ்ப்ரே.

வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறை. எப்படி அடித்தாலும் தூசி ஒட்டுகிறது. (கிருஷ்ணகிரி)

பட்டறை ஓடாத நேரமாகப் பாருங்கள், விடியற்காலை நல்லது. வாசல் தெளித்த கையோடு பெயிண்ட் அடிக்கும் இடத்திலும் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது. பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். அடித்து முடித்த நொடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடுங்கள், அடியில் காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. இதற்கு மேலும் ஒன்றிரண்டு துகள் விழுந்தால் நன்றாகக் காயவிட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த கை. ஈரமாக இருக்கும்போது நகத்தால் எடுக்கப் பார்ப்பது வேண்டாத வேலை.

பெயிண்ட் வெள்ளையாக மூடுபனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வேறொரு கார் மணல் தேய்த்த மாதிரி இருக்கிறது. (தேன்கனிக்கோட்டை)

இரண்டும் வேறு வேறு நோய். வெள்ளை படிவது ஈரக் காற்றால். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். வந்துவிட்டால் பதற வேண்டாம், வெயில் உள்ள நாளில் மெல்லியதாக ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மணல் மாதிரி ஆவதற்குக் காரணம், துளி காரைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிடுவது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் மதியம் அடித்தால் நிச்சயம் வரும். உங்கள் ஊர் மலைப்பாங்கு, குளிர் அதிகம். அங்கே தூரத்தில் நின்று அடித்தது காரணமாக இருக்கலாம். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் போதும். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, காருக்கு வெளியே விடுங்கள். முதல் கையில் அடிநிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். மூன்று மெல்லிய கை, நடுநடுவே பத்து, பதினைந்து நிமிடம்.

குளிர்காலக் காலையில் கேன் சரியாகப் பீய்ச்சவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். அடுப்பில் காட்டுவதோ கொதிக்கும் நீரில் வைப்பதோ கூடாது, கேன் வெடிக்கும்.

பைக் டச்சப் பெயிண்டும் 2கே கிளியரும் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா? (ஓசூர், வண்டித் தொழிற்சாலை ஊழியர்)

டச்சப் நிறம் அடிக்கலாம். மெட்டாலிக் என்றால் யோசியுங்கள். பெரிய வண்டிக்கான மினுக்குத் துகள் இந்த அளவில் ஜிகினா தூவியதுபோல் தெரியும். 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர், வேண்டாம். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமா வரை போகும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. உங்கள் பெயிண்ட் ஷாப்பில் என்னென்ன பாதுகாப்போடு அதை அடிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்களே. அலமாரியில் நிற்கும் காருக்குச் சாதாரண அக்ரிலிக் கிளியர் தாராளம்.

என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் அம்பாசடர். இதே முறையா? (பர்கூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இல்லை ஐயா. அசிட்டோன் பட்டால் வண்டியே கரைந்துவிடும். இங்கே கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் வண்டிகள் பலவற்றில் நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும், உரிக்க ஒன்றுமே இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் போதும். உண்மையிலேயே மேலே பெயிண்ட் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பாருங்கள். எதுவானாலும் முதலில் அடிப்பாகத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்ப்ரேயைச் சொட்டச் சொட்ட அடித்தால் அதிலுள்ள தின்னரே பிளாஸ்டிக்கைத் தின்னும்.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அரசாங்க வண்டி வெள்ளை வேண்டுமென்றால் பளிச்சென்ற வெள்ளையைவிட லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை எடுங்கள், பொருத்தமாக இருக்கும்.

பெயிண்ட் இருக்கட்டும், பக்கவாட்டில் அச்சடித்த எழுத்தை மட்டும் எடுக்க முடியுமா? (மத்தூர்)

முடியும். பித்தளை துலக்கும் பிராசோ பாலிஷைப் பஞ்சில் தொட்டுப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். விளிம்புகளில் அழுத்தாதீர்கள், அடிப் பெயிண்டும் வந்துவிடும்.

நம் ஊர் டவுன் பஸ் எழுத்து, நம்பர் பிளேட் எல்லாம் எப்படி ஒட்டுவது? (மொரப்பூர்)

வாட்டர்ஸ்லைடு டீக்கல் தாள் (அச்சடித்துத் தண்ணீரில் நனைத்தால் படம் மட்டும் நழுவி வந்து ஒட்டும் தாள்) ஆன்லைனில் கிடைக்கிறது. லேசர் பிரிண்டருக்கான தாள் வாங்கினால் ஜெராக்ஸ் கடையிலேயே அச்சடித்துக்கொள்ளலாம், தாள் எந்த வகை என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இங்க்ஜெட் வகையில் மை தண்ணீரில் கரையும், மேலே கிளியர் அடித்துக் காயவைத்த பிறகே நனைக்க வேண்டும். சாதாரண பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சடிக்காது. அதனால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டீக்கல் தாளில் சுற்றிலும் கறுப்பை அச்சடித்து, எழுத்து இருக்கும் இடத்தைக் காலியாக விடுவதுதான் வழி. ஒட்டும்போது அடிப்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும், மேட் பரப்பில் டீக்கலுக்குக் கீழே காற்று சிக்கி வெள்ளி நிறத்தில் தெரியும்.

பெயிண்ட் அடித்த காரை வைத்து மூன்று வயதுப் பையன் விளையாடலாமா? (தர்மபுரி)

கொடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-இல் விதி வந்தது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். வண்டிகளுக்கான பெயிண்ட் அதில் வராது. அந்த வயதுப் பிள்ளை எதையும் வாயில்தான் முதலில் வைக்கும். அவனுக்குக் கடையில் வாங்கிய காரை அப்படியே கொடுங்கள்.

உரித்ததும் உடம்பெல்லாம் வெடிப்பு தெரிகிறது. பட்டி போடலாமா? (ஓசூர்)

அது மிகப் பழைய வார்ப்பாக இருந்தால், உலோகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததால் உள்ளிருந்தே அரிக்கும் நோய். பட்டி நிற்காது, நாளாக நாளாக வீங்கி உடையும். வெடிப்பு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் கீழே விழுந்த அடியாக இருக்கலாம், அதை அரால்டைட்டால் அடைக்கலாம்.

மிச்சத் தின்னரை எங்கே ஊற்றுவது? (காரிமங்கலம்)

சாக்கடையிலும் வேண்டாம், மாமரத்தடியிலும் வேண்டாம். ஜாடியை இரண்டு நாள் ஆடாமல் வைத்தால் பெயிண்ட் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வேறு பாட்டிலில் வடித்து அடுத்த காருக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலின் மேல் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். அடியில் தங்கிய கசடைப் பழைய செய்தித்தாளில் பரப்பி, மாடியில் நெருப்பு அண்டாத இடத்தில் முழுக்கக் காயவிட்டு, குப்பை வண்டி வரும்போது தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.