படகு அனுப்பும் செய்தியில் யாராவது கைவைத்தால் தெரியுமா?

கேள்வி: விசைப்படகு நிற்கும் இடத்தை லோரா ரேடியோ வழியாகக் கரைக்கு அனுப்புவதுதான் எங்கள் கல்லூரி ப்ராஜெக்ட். சாவி வைத்துத் தகவலை மறைக்கும் ஏஇஎஸ்ஸின் கவுண்டர் முறையில் என்கிரிப்ட் செய்துவிட்டோம். ஆனாலும் சார், "மேக் எங்கே?" என்கிறார், அதாவது செய்தி மாறவில்லை என்று காட்டச் சாவியால் கணக்கிட்டுச் சேர்க்கும் குறி. சாவியே இல்லாதவன் எதை மாற்றிவிட முடியும்?
– ஒரு மாணவி, தங்கச்சிமடம்

பதில்: இடத்தையே மாற்றலாம். கவுண்டர் முறையில் ஏஇஎஸ் ஒரு பிட் வரிசையைக் கொடுக்கிறது, அதைச் செய்தியோடு எக்ஸார் செய்து (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0) அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான். நடுவில் ஒருவன் ஒரு பிட்டைத் திருப்பினால் கரையில் பிரிக்கும்போது அதே பிட் திரும்பியிருக்கும். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு படகு நிற்கிறது, தீர்க்கரேகை 79.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பிட்டுகளாக எழுதும் ஆஸ்கியில் 5-க்கும் 4-க்கும் கடைசி ஒரு பிட்தான் வித்தியாசம். அந்த இலக்கம் எத்தனையாவது பைட் என்று தெரிந்தால் போதும், 79.5 என்பது 79.4 ஆகிவிடும், படகு சுமார் 11 கிலோமீட்டர் மேற்கே பத்திரமாக நிற்பதாகக் கரையில் நம்புவார்கள். நம் கடலில் இது சின்ன விஷயமே இல்லை. உங்கள் சார் கேட்டது மிகச் சரி.

கேள்வி: சரி, சிபிசி-மேக் போட்டுவிட்டால் போதுமா?
– அதே மாணவி

பதில்: எல்லாச் செய்தியும் ஒரே நீளம் என்றால் போதும், அதற்கு 1994-லேயே பெல்லாரே, கிலியன், ரோகவே என்ற ஆய்வாளர்கள் மூவரும் நிரூபணம் கொடுத்துவிட்டார்கள். நீளம் மாறினால்தான் வம்பு. சிபிசி-மேக்கில் செய்தியை 16 பைட் பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முந்தைய ஏஇஎஸ் விடையோடு எக்ஸார் செய்து மறுபடி ஏஇஎஸ்ஸுக்குள் அனுப்புவோம், கடைசி விடைதான் குறி. 16 பைட் கொண்ட ஒரே பிளாக் செய்திக்கு வந்த குறியை ஒருவன் பார்த்துவிட்டான் என்றால், அந்தச் செய்தியையும் குறியையும் எக்ஸார் செய்து இரண்டாவது பிளாக்காக ஒட்டுவான். கணக்கில் குறியும் குறியும் அடிபட்டுப்போய் ஏஇஎஸ்ஸுக்குள் மறுபடி பழைய பிளாக்கே போகும், பழைய குறியே வெளியே வரும். சாவியைத் தொடாமலே இரண்டு பிளாக் செய்திக்குச் செல்லுபடியாகும் குறி கிடைத்துவிட்டது!

அதனால் சிபிசி-மேக்கைத் திருத்திய சிமேக் போடுங்கள். இவாட்டா, குரோசாவா இருவரும் வடிவமைத்தது, 2005-ல் அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் தரமாக்கியது. கடைசி பிளாக்கோடு மட்டும் ஒரு ரகசிய துணைச்சாவி எக்ஸார் ஆவதால் மேலே சொன்ன ஒட்டு வேலை செல்லாது. லோரா வலைகளுக்கான லோராவான் நெறிமுறையும் இதைத்தான் பயன்படுத்துகிறது, குறியில் 4 பைட் மட்டும் அனுப்பும்.

என்கிரிப்ஷனுக்கும் மேக்குக்கும் தனித்தனிச் சாவி வையுங்கள். மேக்கை என்கிரிப்ட் ஆன பிறகு, அந்தச் செய்தி மேலேயே போடுங்கள், கரையில் முதலில் குறியைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் பிரித்துப் படியுங்கள். இன்னொன்று, நேற்றைய செய்தியை அப்படியே பிடித்து இன்று திரும்ப அனுப்பினால் மேக் பிடிக்காது, குறி சரியாகவே இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஏறுவரிசை எண் கொடுத்து, அதையும் சேர்த்து மேக் போடுங்கள், ஏற்கெனவே வந்த எண்ணோ அதற்குக் குறைந்ததோ வந்தால் கரையிலேயே தள்ளிவிடலாம்.